போட்டாச்சு, இனி ஆர் பாக்கிறது?

வைஃபை வேலை செய்யாத நாளில்தான் ஒரு கம்பஸ் முழுக்க வலையமைப்பைப் பற்றிக் கதைக்கும். "பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறன், திரும்பத் திரும்பக் கேக்குது" என்று ஒருத்தர். "என்ர போனில வேலை செய்யுது, உன்ர போன்தான் பிழை" என்று இன்னொருத்தர். போன் பிழையாகவும் இருக்கலாம். ஆனால் பலநேரம் பிழை இருக்கும் இடம், எங்களில் அநேகம் பேர் எட்டிக்கூடப் பார்த்திராத ஓர் அறைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேர்வர்.

அந்தச் சேர்வரைப் பற்றி, குறிப்பாக அதற்குள் செருகப்படும் மொடியூல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "இது ஐரி படிக்கிற பெடியளின்ர விசயம்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்களுடைய கடவுச்சொல் அதற்குள்ளால்தான் போய் வருகிறது. பல நிறுவனங்களில் வைஃபைக்கும் மின்னஞ்சலுக்கும் பரீட்சைப் பெறுபேறு பார்க்கிற பக்கத்துக்கும் அதே ஒரு கடவுச்சொல்தான்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறீர்கள். சுவரில் பூட்டியிருக்கும் வைஃபை பெட்டிக்கு நீங்கள் ஆரென்று தெரியாது. அது உள்ளே இருக்கும் சேர்வரிடம் கேட்கிறது: இவரை விடலாமா? சேர்வர் விடு என்றோ விடாதே என்றோ பதில் சொல்கிறது. இந்தக் கேள்வி பதிலுக்கான மொழியின் பெயர் ரேடியஸ். 1991 இல் அமெரிக்காவில் லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம், தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்கு வருகிறவர்களைச் சரிபார்ப்பதற்காக இதை உருவாக்கியது. தொலைபேசிக் கம்பி போய்விட்டது, ரேடியஸ் போகவில்லை. எடுரோம் என்ற பெயரை உங்கள் போனில் கண்டிருப்பீர்கள். இலங்கையில் அதை நடத்துவது லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பு. ஒரு பல்கலைக்கழக மாணவி இன்னொரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் போனைத் திறந்தால், கேள்வி அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்தின் ரேடியஸ் சேர்வருக்குப் போய்ப் பதிலோடு திரும்பி வரும். வெளிநாட்டுக்குப் போனாலும் அதே கதைதான்.

ரேடியஸ் பேசும் மென்பொருள்களில் உலகம் முழுக்கப் பரவலாக ஓடுவது ஃப்ரீரேடியஸ். 1999 இல் தொடங்கிய திறந்தமூலத் திட்டம் அது. காசு இல்லை, லைசன்ஸ் இல்லை. காசில்லாத கல்லூரிகளுக்கும் சின்ன இணைய நிறுவனங்களுக்கும் இது பெரிய கொடை.

ஃப்ரீரேடியஸின் நடுப்பகுதி ஒரு அஞ்சல் அலுவலர் மாதிரி. கேள்வியை வாங்கும், பதிலை அனுப்பும். மற்ற வேலையெல்லாம் மொடியூல்களுடையது. பயனர்களின் விபரம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தால் அதற்கு எஸ்கியூஎல் மொடியூல் வேண்டும். நிறுவனத்தின் பயனர் பட்டியல் எல்டாப்பில் இருந்தால் எல்டாப் மொடியூல். வைஃபைக்குள் கடவுச்சொல்லை மறைகுறியாக்கிய குழாய்க்குள் கொண்டுவருவதற்கு ஈஏபி மொடியூல். எதுவும் பொருந்தாவிட்டால் பேர்ளிலோ பைதனிலோ நாங்களே எழுதிச் செருகுவதற்கும் மொடியூல் உண்டு. அப்படிப் பார்த்தால், எந்த மொடியூலைப் போடுகிறோம் என்பது ஆருடைய சொல்லை நம்பப்போகிறோம் என்ற முடிவு.

போடுவது கஷ்டமில்லை. உபுண்டுவிலோ டெபியனிலோ அடிப்படைப் பொதி ஒன்று, மைஎஸ்கியூஎல், எல்டாப் போன்றவற்றுக்குத் தனித்தனிப் பொதிகள். ஒரு கட்டளை அடித்தால் ஒரு நிமிடத்தில் வந்து இறங்கிவிடும். ஆனால் இறங்கியதோடு வேலை முடியாது. மொடியூலின் அமைப்புக் கோப்பு "இருப்பவை" என்ற அடைவுக்குள் கிடக்கும். அதை "இயங்குபவை" என்ற அடைவோடு இணைக்க வேண்டும். பிறகு, கேள்வி வரும்போது எந்தக் கட்டத்தில் இந்த மொடியூலைக் கூப்பிடுவது என்று இன்னொரு கோப்பில் அதன் பெயரை எழுத வேண்டும். இறக்குவது, இணைப்பது, கூப்பிடுவது என்று மூன்று படி.

இந்த மூன்றில் நடுப்படி தவறினால் என்ன நடக்கும் என்பதுதான் சுவாரசியம். ஃப்ரீரேடியஸோடு வரும் மாதிரிக் கோப்பில் எஸ்கியூஎல்லின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கும். அதன் அர்த்தம்: இந்த மொடியூல் இருந்தால் கூப்பிடு, இல்லாவிட்டால் பேசாமல் தாண்டிப் போ. புதிதாகப் போடுகிறவருக்கு இது உதவி, தேவையில்லாத பிழைச்செய்தி வராது. ஆனால் ஒரு அப்கிரேட்டுக்குப் பிறகு அந்த இணைப்பு விடுபட்டுப் போனது என்று வையுங்கள். எல்டாப் வேலை செய்தால் எல்லாரும் உள்ளே வருவார்கள், ஒருத்தரும் முறையிட மாட்டார்கள். ஆர் எத்தனை மணிக்கு எந்தக் கருவியில் வந்தார் என்ற பதிவு மட்டும் தரவுத்தளத்தில் விழாது. மூன்று மாதம் கழித்து ஒரு பிரச்சினை வந்து "அண்டைக்கு ஆர் இந்த ஐபியில இருந்தது?" என்று தேடினால், தேடுகிற இடம் வெறுமையாக இருக்கும்.

இங்கேதான் என்ர வாதம் தொடங்குகிறது. எங்கட ஆக்களுக்கு இன்ஸ்டோல் பண்ணுவது ஒரு கொண்டாட்டம். டெண்டரில் அதற்கு ஒரு வரி இருக்கும், பட்ஜெட் இருக்கும், திறப்புவிழாவில் நாடா வெட்டலாம், படம் எடுத்து முகநூலில் போடலாம். அப்கிரேட்டுக்கு நாடா வெட்ட ஏலாது. நல்லா நடந்த அப்கிரேட் ஆருக்கும் தெரியாது, பிழைத்த அப்கிரேட் எல்லாருக்கும் தெரியும். இப்படியான ஒரு வேலையை ஆர்தான் விரும்பிச் செய்வார்?

பழி நிர்வாகங்களின் மேல் மட்டும் இல்லை. யூடியூபில் ஃப்ரீரேடியஸ் பாடம் தேடிப் பாருங்கள். திரையில் "அனுமதிக்கப்பட்டது" என்ற பதில் வந்தவுடன் இசை போட்டுப் பாடம் முடிந்துவிடும். ஒரு வருடம் கழித்து அதே சேர்வரை எப்படிப் பராமரிப்பது என்று இரண்டாம் பாகம் போடுகிறவர்கள் அருமை. எங்கட பாடத்திட்டங்களும் செயல்முறைப் பரீட்சைகளும் அதே மாதிரிதான்: வெறுமையான ஒரு கணினியைத் தந்து "நிறுவிக் காட்டு" என்று கேட்கும். வேறொருவர் ஐந்து வருடத்துக்கு முன் நிறுவிய ஒன்றைத் தந்து, "உடைக்காமல் மேம்படுத்திக் காட்டு" என்று கேட்பதில்லை. ஆனால் வேலைக்குப் போகிற முதல் நாளே உங்கள் கையில் கிடைக்கப்போவது அந்தப் பழைய சேர்வர்தான்.

"ஓடுறதைத் தொடாதே" என்று மூத்த ஆட்கள் சொல்வார்கள். அதைச் சும்மா பயம் என்று தள்ளிவிட முடியாது. 2013 இல் ஃப்ரீரேடியஸ் 3 வந்தபோது அடைவுகளின் ஒழுங்கே மாறியது. எஸ்கியூஎல்லுக்கும் ஈஏபிக்கும் தனியாக இருந்த கோப்புகள் மொடியூல் அடைவுக்குள் போயின. பதிப்பு 2 இன் அமைப்புக் கோப்புகளை அப்படியே தூக்கி 3 க்குள் வைத்தால் வேலை செய்யாது, புதிய மாதிரியில் தொடங்கி உங்கள் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள் என்று ஆவணமே சொல்கிறது. ஒரு கட்டளையில் முடிகிற காரியமில்லை அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மொடியூல் எந்தப் பதிப்புச் சேர்வருக்காகத் தொகுக்கப்பட்டதோ அந்தப் பதிப்போடுதான் சேரும். சேர்வர் மேலே போய் மொடியூல் கீழே நின்றால், பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லிச் சேர்வர் தொடங்கவே மறுக்கும். பொதியாக வந்த மொடியூல் என்றால் இரண்டும் சேர்ந்து மேலே போகும். ஆனால் நிறுவனத்தின் மாணவர் பட்டியலோடு கதைப்பதற்காக ஒரு கெட்டிக்காரர் தானே ஒரு மொடியூலை எழுதித் தொகுத்துப் போட்டிருந்தால்? 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை கெட்டிக்காரர் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். மூலநிரல் அவருடைய மடிக்கணினியோடு போய்விட்டது. விளக்கக் குறிப்பு அவருடைய தலைக்குள் இருந்தது, அதுவும் போய்விட்டது. பின்னால் வந்த தம்பிக்கு வேறு வழியில்லை. தொடாமல் இருக்கிறார். வருடம் வருடமாக ஆரும் தொடவில்லை.

நான் அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. ப்ரொஜெக்டரும் அவர்தான், பிரிண்டரும் அவர்தான், சிசிடிவியும் அவர்தான். ஆனால் தொடாமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பது பிழை. சேர்வரை நாங்கள் தொடாவிட்டாலும் அதைச் சுற்றியிருக்கும் உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு உண்மைக் கதைகள். முதலாவது 2017. ஈஏபி வழியாக வரும்போது, போனும் சேர்வரும் முதலில் ஒரு மறைகுறியாக்கிய குழாயை அமைக்கும். பிறகு அந்தக் குழாய்க்குள் கடவுச்சொல் போகும். ஒருமுறை வந்தவர் மறுமுறை வரும்போது நேரம் மிச்சம் பிடிப்பதற்காகப் பழைய குழாயைத் தொடர்வதற்கும் வழி உண்டு. அந்த வருடம் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை இதுதான்: குழாயை அமைத்தவுடன், கடவுச்சொல்லைக் கொடுக்காமலே துண்டித்துவிட்டு, திரும்பி வந்து "பழையதைத் தொடர்கிறேன்" என்றால் சேர்வர் நம்பி உள்ளே விட்டுவிடக்கூடும். கேற்றுக்குள் ஒரு காலை வைத்துவிட்டு வெளியே போய், பிறகு வந்து "நான் முதலே வந்து போனனான்" என்று சொல்ல, காவலாளி அடையாள அட்டை கேட்காமல் விட்ட மாதிரி. 3.0.14 இல் இதற்குத் திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய 3.0 பதிப்பை "ஓடுதுதானே" என்று விட்டிருந்த இடங்களில் கதவு திறந்தபடி இருந்தது. வெளியில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது 2024 யூலை. ரேடியஸ் தன் பதில்களைப் பாதுகாக்க நம்பியிருந்தது எம்டி5 என்ற பழைய கணிப்புமுறையை. அதை உடைக்கலாம் என்று 2004 இலேயே காட்டிவிட்டார்கள். இருபது வருடம் கழித்து, வைஃபை பெட்டிக்கும் சேர்வருக்கும் இடையில் நிற்கக்கூடிய ஒருவர் "விடாதே" என்ற பதிலை "விடு" என்று மாற்றலாம் என ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். பிளாஸ்ட்ரேடியஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஈஏபி பாவிக்கிற வைஃபை தப்பியது, ஏனென்றால் அதில் ஒவ்வொரு செய்தியோடும் கூடுதலான ஒரு முத்திரை கட்டாயம். ஆனால் சாதாரண முறையில் கடவுச்சொல் அனுப்பும் இடங்கள், உதாரணமாக வலையமைப்புக் கருவிகளுக்குள் நிர்வாகிகள் நுழையும் வழி, தப்பவில்லை. ஃப்ரீரேடியஸ் 3.2.5 இல் அந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் அமைப்பு வந்தது. சேர்வரை மட்டும் மாற்றினால் போதாது, அதோடு கதைக்கும் பெட்டிகளின் மென்பொருளும் புதுப்பிக்கப்பட வேண்டும். அப்படியென்றால், எந்தெந்தப் பெட்டி இந்தச் சேர்வரோடு கதைக்கிறது என்று ஆருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எத்தனை இடத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது?

இனி, "எல்லாம் சரி, ஆனா எங்களிட்ட ஆளும் இல்லை, சாமானும் இல்லை" என்ற பதிலுக்கு வருவோம். நியாயமான பதில். ஆனால் தேவைப்படுவது நினைப்பதைவிடக் குறைவு.

முதலில் இரண்டு சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 5 வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பெரும்பாலும் பதிப்பைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைத்துத் தருவார்கள். அதனால்தான் கூடியவரை பொதியாக வரும் மொடியூல்களையே பாவியுங்கள் என்கிறேன். தானே தொகுத்துப் போடுவது கெட்டித்தனம்தான், ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்களேதான் தேடிப் போட வேண்டும். வேறு வழியில்லாமல் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், மூலநிரல் நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருக்கட்டும், ஒருத்தருடைய மடிக்கணினியில் இல்லை.

அடுத்தது ஒத்திகை. ரேடியஸ் பாரமான மென்பொருள் இல்லை. ஒதுக்கி வைத்த பழைய கணினி ஒன்றில், அல்லது ஒரு மெய்நிகர் கணினியில், அதே அமைப்போடு இன்னொரு பிரதியை ஓட்டலாம். அதில் முதலில் மேம்படுத்துங்கள். சேர்வரைத் தொடங்காமலே அமைப்புக் கோப்புகளை மட்டும் சரிபார்க்கும் வசதி ஃப்ரீரேடியஸில் இருக்கிறது. எல்லாவற்றையும் திரையில் சொல்லிக்கொண்டே ஓடும் பிழைதேடல் முறையும் இருக்கிறது. எந்த மொடியூல் ஏற்றப்பட்டது, எது கூப்பிடப்பட்டது, எது என்ன பதில் சொன்னது என்று வரி வரியாகத் தெரியும். நான் மேலே சொன்ன அந்தச் சின்னக் கோட்டுப் பிரச்சினையும் இதில் பிடிபடும், வாசிக்கப் பொறுமை இருந்தால். ஆங்கிலத்தில் நீளமாக வருகிறது என்று பயப்படாதீர்கள். பத்துத் தரம் வாசித்தால் பழகிவிடும்.

மேம்படுத்தும்போது நடுவில் ஒரு கேள்வி வரும்: "இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். பழையதை வைத்திருக்கவா, புதியதைப் போடவா?" பலர் யோசிக்காமல் என்டரைத் தட்டுவார்கள், பழையது நிற்கும். அப்போது வேலை நிற்காது, ஆனால் புதிதாக வந்த அமைப்புகள் உங்கள் கோப்பில் கண்ணுக்கே தெரியாது. புதியதைப் போட்டாலோ உங்கள் மாற்றமெல்லாம் போய்விடும். சரியான பதில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பது. அரை மணித்தியாலம் எடுக்கும். முழு அப்கிரேட்டிலும் மனிதமூளை தேவைப்படுவது அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான்.

உண்மைச் சேர்வரைத் தொடுவதற்கு முன் அமைப்பு அடைவையும் தரவுத்தளத்தையும் பிரதி எடுத்து வையுங்கள். முடிந்தால் இரண்டு சேர்வர் வைத்திருங்கள். முதலாவது பதில் சொல்லாவிட்டால் இரண்டாவதிடம் கேட்கும்படி வைஃபை பெட்டிகளில் அமைக்கலாம். ஒன்றை மேம்படுத்தி, ஒரு கிழமை பார்த்து, பிறகு மற்றதைச் செய்யலாம். இரவிரவாக முழித்திருந்து செய்யத் தேவையில்லை.

இவ்வளவும் தொழில்நுட்பம். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு தாள். இந்தச் சேர்வரில் எந்தெந்த மொடியூல் ஓடுகிறது, ஏன் போட்டோம், எந்தப் பதிப்பு, எந்தப் பெட்டிகள் இதோடு கதைக்கின்றன, சான்றிதழ் எப்ப முடிகிறது, கடைசியாக ஆர் எப்ப மேம்படுத்தினார், பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி. இரண்டு பக்கம் போதும். தமிழில் எழுதினாலும் நல்லது, அடுத்து வருகிறவருக்கு வேகமாக விளங்கும். அதை எழுத விஞ்ஞானம் தேவையில்லை, நேரம் தேவை. அந்த நேரத்தை வேலை என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு நிர்வாகம் தேவை. டெண்டரில் "நிறுவுதல்" என்ற வரிக்குக் கீழே "ஐந்து வருடம் மேம்படுத்தலும் கையளிப்பு ஆவணமும்" என்று இன்னொரு வரி சேர்த்தால் பெரும்பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் நம்பிக்கை.

எங்களுடைய கையில் என்ன இருக்கிறது? நீங்கள் ஐரி படிக்கிறவர் என்றால், வீட்டில் ஒரு மெய்நிகர் கணினியில் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டு, எஸ்கியூஎல் மொடியூலோடு ஓடவைத்து, பிறகு அதை மேம்படுத்திப் பாருங்கள். உடையும். எங்கே உடைந்தது என்று எழுதி வையுங்கள். உங்களுடைய சிவியில் பத்து "நிறுவினேன்" இருப்பதைவிட, ஒரு "உடைக்காமல் மேம்படுத்தினேன்" இருப்பது கூடப் பெறுமதி.

நீங்கள் ஐரி படிக்காதவர் என்றால், மாணவர் ஒன்றியத்திலோ நூலகக் குழுவிலோ சனசமூக நிலையத்திலோ இருக்கிறீர்கள்தானே. அடுத்தமுறை புதிய வைஃபை திறக்கிறோம் என்று வந்து சொன்னால், மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். இதை ஆர் பராமரிக்கப்போகிறார்? அவர் போனால் அடுத்தவருக்கு எழுதி வைத்த தாள் எங்கே? கடைசியாக எப்ப அப்டேட் செய்தது? பதில் வராவிட்டால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.